சிவப்பு வண்டிக்கு அண்ணியின் சம்மதம்

"வேண்டாம் தம்பி. அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

காலைக் காப்பியை இன்னும் யாரும் குடித்து முடிக்கவில்லை. மூத்த மருமகள் இப்படிச் சொன்னதும் மாமியார் கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"கேட்டீங்களா இவ பேச்சை? என் பிள்ளை சிரிச்சு மூணு வருஷம் ஆச்சு! நேத்து அந்த வண்டியில வந்து இறங்கும்போதுதான் பல்லே தெரிஞ்சுது. அது பொறுக்கலை இந்த மகராசிக்கு!"

வாசலில் நின்றது அந்த க்ரூஸர் பைக். பழைய வண்டிதான். ஆனால் சிவப்புப் பெயிண்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கியது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடைக்காரனிடம் கேட்டு எடுத்து வந்திருந்தான் சின்னவன். வெல்டிங் பட்டறையில் வேலை. அண்ணன் வண்டியோடு விழுந்து போய்ச் சேர்ந்ததிலிருந்து பட்டறை, வீடு, சுவர் என்று இந்த மூன்றைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கிடந்தவன்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன் அண்ணி. ஆனா காரணமாவது சொல்லுங்களேன்... பயமா? நான் அண்ணன் மாதிரி பறக்க மாட்டேன். சைக்கிள்காரன்கூட என்னை முந்திட்டுப் போவான், பாருங்க!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தது.

வண்டிகளுக்குச் சீட் தைப்பது அவள் பிழைப்பு. எந்த வண்டியைக் கண்டாலும் சீட்டின் அடியோரத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள். நேற்று சாயங்காலமும் விட்டாள்... எடுக்க முடியவில்லை. ரெக்ஸின் முடிந்த இடத்தில் ஒரு கம்பளித் துண்டு!

புருஷன் வண்டிக்கு முதன்முதலாகச் சீட் தைத்தபோது, அவனோடு பேசிக்கொண்டே வெட்டி ரெக்ஸினை நாலு விரல் குறைத்துவிட்டாள். மாமியாரிடம் பழைய பச்சைக் கம்பளியைக் கேட்டு வாங்கி ஒட்டுப் போட்டாள். பிறகு பிரித்துத் தைக்கிறேன் என்றபோது அவன் விடவில்லை. "அம்மா மடியில உட்கார்ந்த மாதிரி இருக்கு. இருக்கட்டும்."

அப்போது அது கறுப்பு வண்டி. சின்னவன் வெளியூரில் இருந்ததால் அவன் பார்க்காத வண்டி. சாவு விழுந்த வீட்டில், அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள் என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். மாமனார்தான் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனார். வெட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டே வந்தேன் என்றார்.

நேற்று அவள் விரல் நின்ற இடத்தை அவரும் பார்த்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போது குழறினார். "வெட்டறதைப் பார்க்கத் தெம்பு இல்லம்மா... முழுசா விட்டுட்டு ஓடி வந்துட்டேன். உன் அத்தைக்குத் தெரிஞ்சா என் முகத்துலயே முழிக்க மாட்டா."

இப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"எனக்குப் பிடிக்கலை அத்தை. அவ்வளவுதான்."

"ஏன் பிடிக்கும்? உன் வாழ்க்கை போச்சு, அதனால இந்த வீட்ல யாரும் வாழக் கூடாது! என் மூத்தவனை முழுங்கினது போதாதா? இவனையும் மூலையில உட்கார வைக்கணுமா?"

"அம்மா!" என்று சின்னவன் கத்தினான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன் அத்தை... தம்பி மட்டும் அந்த வண்டியில ஏற வேண்டாம். அதுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுங்க, போதும்."

"சத்தியம் கேட்க நீ யாருடி? அவன் என்ன, நானே ஏறுறேன் பாரு!"

விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள் மாமியார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி லேசாகச் சாய, பயத்தில் சீட்டின் அடியோரத்தை இறுகப் பிடித்தாள்.

பிடித்த கை அப்படியே நின்றது.

விரல்கள் மெல்லத் தடவின. குனிந்து பார்த்தாள். பச்சை நூல் இரண்டு நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது... இது என் கம்பளி..."

மாமனார் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குமேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கினாள். புருஷனைத் தாண்டி மருமகளிடம் வந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நேத்தே தெரியும் அத்தை."

"பாவி... நான் அத்தனை பேசினேனே, ஏன்டி வாயைத் திறக்கலை?"

"சொன்னா உங்க கோபம் மாமா மேல திரும்பும். அவர் தாங்க மாட்டார். எனக்கு... பழகிப்போச்சு."

'பழகிப்போச்சு' என்ற சொல்லில் மாமியார் உடைந்தாள். மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் வாயில புழு வைக்க! உன்னைப் போய்... உன்னைப் போய்..." மூன்று வருஷமாக ஆளுக்கொரு மூலையில் அழுதவர்கள் அன்றுதான் சேர்ந்து அழுதார்கள்.

சின்னவன் சாவியோடு வந்தான். அது அண்ணனைக் கொன்ற வண்டி என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. "இப்பவே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன் அண்ணி."

மாமியார் கண்ணைத் துடைத்தாள். "நீ சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

மாமியார் அவளிடம் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

"திருப்பிக் கொடுத்தா நாளைக்கு வேற ஒரு வீட்டு வாசல்ல நிக்கும் தம்பி. வண்டியோட வளைஞ்ச எலும்பை நிமிர்த்தி மேல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. ஏறப்போற பையன் யாரு பெத்த பிள்ளையோ..." அவள் குரல் நடுங்கவில்லை. "கடைக்காரன்கிட்ட சரின்னு சொல்லிடுங்க. நாமே வாங்கிடலாம். வாங்கி உங்க பட்டறைக்குக் கொண்டு போங்க."

அவனுக்குப் புரிந்தது. ஒட்டுவது மட்டுமல்ல, வெட்டுவதும் அவன் வேலைதான்.

கடைக்காரனுக்குப் போன் போட்டுவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். மாமனார் பின்னால் கை கொடுத்தார். பெண்கள் இருவரும் கூடவே போனார்கள்.

தெருமுனையில் இஸ்திரிக்காரர் தலையை நீட்டினார். "அட, பெரிய வண்டியா வாங்கியாச்சா! ஏன் தள்ளிக்கிட்டுப் போறீங்க? பெட்ரோல் போட மறந்துட்டீங்களா?"

மாமியார் மருமகளின் கையை விடவில்லை.

"என் மருமக வாங்கச் சொன்னா," என்றாள். "வாங்கிட்டோம்."