பெரியவரின் தனி ஆல்பம்

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கேட்ட மூச்சு அவருடையதாக இல்லை.

ஒலிப்பதிவு அறையின் ஸ்பீக்கரில் முதலில் வந்தது கிட்டார் கம்பியில் விரல் இழையும் சத்தம், பிறகு நாற்காலியின் முனகல், அதற்கும் பிறகு மூக்கடைத்தவன் போலச் சின்ன விக்கலோடு உள்ளே இழுத்த அந்த மூச்சு. இத்தனை வருஷம் மேடையில் அவருக்கு வலப்பக்கம் நின்று தம்பி இழுத்த மூச்சு. அடுத்து தம்பியே பாடினான். பாடி முடிக்கும்வரை பெரியவர் கண்ணாடித் தடுப்பில் படிந்திருந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டுப்பாட்டையும் ராக்கையும் குழைத்து இருவரும் சேர்ந்தே எழுதி, சேர்ந்தே பாடியவர்கள். ரசிகர்களுக்கு இவர் பெரியவர், அவன் சின்னவர். "அண்ணி, நான் கூடப் பாடலேன்னா உங்க வீட்டுக்காரர் பாட்டு மளிகைச் சாமான் லிஸ்ட் வாசிக்கிற மாதிரி இருக்கும்" என்று சாப்பாட்டு மேஜையில் கிண்டலடிப்பான். அவன் போன அன்று பெரியவர் அழவில்லை. அதற்கப்புறமும் அழவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடந்தது. "இப்படியே உக்காந்திருந்தா எப்படிங்க? தனியாவாவது ஒரு ஆல்பம் போடுங்க" என்று மனைவிதான் நச்சரித்து அனுப்பிவைத்தாள். வயது எழுபதை நெருங்கும்போது முதல் தனி ஆல்பம்.

"இது பழைய பதிவா?" என்று சவுண்ட் இன்ஜினியரிடம் கேட்டார்.

"இல்லியே. இப்போ நீங்க பாடினதுதான்." இன்ஜினியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு, சின்னவரே."

வாய் தவறியிருக்கும். திருத்தலாம் என்று நினைத்தார். அதற்குக்கூடத் தெம்பு வரவில்லை.

அடுத்த பாட்டுக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய கம்பளமும் சூடேறிய ஒயரும் கலந்த வாடை. பாட வாயைத் திறந்தபோது ஹெட்போனில் மட்டுமல்ல, தாடை எலும்பிலும் நெஞ்சுக்கூட்டிலும் தம்பியின் குரலே அதிர்ந்தது. இரண்டாவது அடியில் அவருடைய நாக்கு கடைவாயில் ஒரு பள்ளத்துக்குள் விழுந்தது. அவருக்கு எல்லாப் பல்லும் உண்டு. தம்பிக்குத்தான் அங்கே பல் கிடையாது. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல பயம் எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் பாட்டை முடித்தார்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. போன் அடித்தது. தம்பியின் மனைவி.

"ஏங்க, முடிஞ்சுதா?"

அவரை "மாமா" என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டு அறியாதவள்.

"நேரா அக்கா வீட்டுக்கு வந்துடுங்க. நானும் இங்கதான் இருக்கேன். எல்லாரும் வந்தாச்சு."

யாரைப் பார்த்து ஏங்க என்கிறாய் என்று கேட்க நினைத்தார்.

"சரி" என்றுதான் வந்தது.

டாக்ஸியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே போனார். விரல்கள் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன. பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கேட் அகலத் திறந்திருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். யாரோ தோளைத் தட்டினார். யாரோ கையைப் பிடித்து விட்டார்.

மனைவி எழுந்து வந்தாள். அழுது வீங்கிய கண்கள். அந்தக் கண்களுக்குள் தன்னைத் தேடினார்.

"வாங்க தம்பி" என்றாள். "உங்களுக்காகத்தான் இன்னும் எடுக்காம வச்சிருக்கோம்."

கூடத்தின் நடுவில் கட்டில்.

கட்டிலில் அவர்.

காலையில் சவரம் செய்தபோது தாடையில் பட்ட கீறல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது.

குனிந்தார்.

மூடிய இமைக்குக் கீழே விழி நகர்ந்தது. இடமிருந்து வலம். தேடுவதுபோல.

"அண்ணி" என்றார்.

"சொல்லுங்க தம்பி."

சொல்ல வேண்டும். அவர் சாகவில்லை என்று சொல்ல வேண்டும். சொல் இருக்க வேண்டிய இடத்தில் அதே மரத்துப்போன கனம். தொட்டுப் பார்த்தால் வலிக்கும் என்றிருந்தது. வலிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, அண்ணி."

அவள் வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடினாள். தூக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். நான்கைந்து பேர் குனிந்தார்கள். தலைப்பக்கம் அவர் பிடித்தார்.

வாய் இருக்கும் இடத்தில் துணி மெல்லக் குழிந்தது. உப்பியது.

மறுபடி குழிந்தது. இப்போது வேகமாக.