அழுகைக்கு வந்த மான்கள்

பிள்ளையின் தொடையில் நீலமாய் ஒரு கன்றல் தெரிந்தது. மகன் பளீலைக் கால்களின் மேல் குப்புறப் போட்டு முதுகில் இளஞ்சூட்டு நீர் வார்த்துக்கொண்டிருந்த நஸீறா கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். நுளம்பு கடித்தால் சிவந்து தடிக்கும். எறும்பு கடித்தால் நீர் கோத்துக்கொள்ளும். இது அப்படியில்லை. இரண்டு நகங்கள் ஒன்றையொன்று தேடிச் சந்தித்த மாதிரி எதிரெதிரே இரண்டு பிறைகள். தவழ மட்டுமே தெரிந்த பிள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகக் கிடந்த அந்த இடத்தில், தென்னங்கிடுகு வேய்ந்த அந்த ஒற்றைக் காவல் வாடியில், அவளையும் கணவன் ஜெமீலையும் தவிர நகமுள்ள மனிதர் யாருமில்லை.

துடைத்தெடுத்து உச்சி மோந்தாள். தேங்காய் எண்ணெயின் வாசம், பால் வாசம், அவற்றுக்கு அடியில் சுட்ட வெடிமருந்தின் கார நெடி.

அவர்கள் கல்முனைக்குடியைவிட்டு நிலச் சொந்தக்காரரான போடியாரின் வயலுக்குக் காவலாக வந்தவர்கள். மேற்கே ஆற்றை மறித்துப் பெரிய அணை கட்டியதில் காடு வெகுதூரத்துக்குத் தண்ணீருக்குள் போயிருந்த காலம் அது. மூழ்காத காட்டையும் குடியேற்றத்துக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். போக்கிடம் இல்லாத மான்கள் பொழுது சாயும்போது வயலுக்குள் இறங்கின. கதிர் உள்ளே திரளும் பருவத்துப் பயிரின் இனிப்பான குருத்தை மட்டும் கடித்துவிட்டு அடுத்த பயிருக்குப் போயின. போடியார் ஜெமீலின் கையில் துவக்கைக் கொடுத்தபோது ஒன்றைத்தான் சொன்னார்: பயிரில் வாய் வைத்ததைச் சுடு, வெறுமனே போவதைப் போகவிடு.

ஜெமீல் அப்படித்தான் தொடங்கினான். ஆனால் ஊரில் ஒரு கலியாண வீட்டுக்கு அவன் அனுப்பிய மான் இறைச்சியை எல்லாரும் மெச்சிவிட்டார்கள். பிறகு சுன்னத்து வீடு, மருதமுனையில் ஒரு பெரிய வீட்டு விருந்து என்று ஆள்மேல் ஆள் வந்தது. நெசவு தெரியாது, கடல் ஒத்துக்கொள்ளாது, எதற்கும் உதவாதவன் என்று பேரெடுத்திருந்த அந்த மனிதனைக் கைராசிக்காரன் என்று முதன்முதலாக நாலு பேர் சொன்னார்கள். கேளுங்கள் பிள்ளைகளே, அந்தச் சொல் அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மான்களுக்கும் புத்தி உண்டுதானே. துவக்கின் திசையை அவை படித்துக்கொண்டன. ஜெமீல் பல மாலைகள் வெறுங்கையோடு திரும்பி, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் குந்தியிருந்தான். அதன் பிறகுதான் அசர் தொழுகை முடிந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. பிள்ளைக்கு வயலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்பான். நஸீறாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் அடுப்பைப் பார்ப்பாள். வெயில் மஞ்சளாகும் வேளையில் ஒரு வெடி கேட்கும். சற்றுப் பொறுத்து ஒரு தோளில் மானும் மறு தோளில் விக்கி விக்கித் தூங்கும் பிள்ளையுமாக வந்து நிற்பான். ஒரு மாலைகூடத் தவறவில்லை.

இறைச்சி ஏற்ற வரும் வண்டில்காரர் முகைதீன்பாவாதான் அதை விளையாட்டாகச் சொன்னார்.

"என்ன தங்கச்சி, உன்ட மாப்பிள்ளைட கண்ணுக்குக் கொம்பனே படமாட்டானோ? பொம்புளையளாப் பாத்துத்தான் சுடுறாரு."

நஸீறாவும் சிரித்தாள். அவர் போனபின்தான் சிரிப்பு நின்றது. அவள்தான் வெட்டுகிறவள், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் பெட்டை மான்கள். எல்லாம் மடி கனத்தவை. கத்தி மடியில் படும்போது பால் பீறிட்டுப் பலகையில் ஓடி இரத்தத்தோடு கலக்கும். எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அந்த இனித்த வாடை கைவிரல்களை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அவள் ஜெமீலுக்குத் தெரியாமல் அவன் பின்னால் போனாள்.

காட்டோரம் வெட்டிப் பாழாய்க் கிடந்த ஒரு வெளி. ஜெமீல் கறையான் புற்றுக்குப் பின்னே துவக்கை நீட்டி வைத்துக் குந்தியிருந்தான். அவன் கைக்கெட்டும் தூரத்தில், வெறும் நிலத்தில் விரித்த சாக்கின் மேல் பளீல் கிடந்து வானத்தைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். ஜெமீல் எட்டி, தொடையைப் பிடித்து, நகத்தால் கிள்ளித் திருகினான்.

பிள்ளை வீரிட்டான்.

புதர்ப் பற்றைக்குள் நின்ற நஸீறாவின் மார்பிலிருந்து பால் தானாக இறங்கிச் சட்டையை நனைத்தது. பிள்ளையிடம் ஓடக் காலெடுத்தாள். அவளுக்கு முன்னே எதிர்ப் பற்றை விலகியது. புள்ளிமான் ஒன்று. காதுகள் முன்னே மடிந்து உடம்பு முழுக்க நடுங்க, மனித வாடை தெரிந்தும் அது வந்தது. ஓர் அடி வைக்கும், நிற்கும், முன்னங்காலால் நிலத்தைத் தட்டும், மறுபடியும் வரும். பிள்ளையின் மேல் குனிந்து மோந்து நாக்கை நீட்டியது.

வெடி. கழுத்தின் கீழே சதை பூவாய்ப் பிளந்து சூடான இரத்தம் பிள்ளையின் முகத்தில் கொட்டியது. மான் விழுந்து, எழுந்து, மடங்கிய கால்களால் மறுபடியும் பிள்ளையின் பக்கமே தவழ்ந்தது. ஜெமீல் பாய்ந்து வந்து கொம்பில்லாத தலையை முழங்காலால் அழுத்தி, இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்தான். கால்கள் நிலத்தை உழுது ஓய்ந்தன. பற்றையின் ஓரத்தில், நடக்கப் பழகாத கால்களோடு ஒரு குட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை நஸீறா கத்தியைத் தொடவில்லை. ஏன் என்று அவன் கேட்டான். கண்டதைச் சொன்னாள். அவன் வெட்கப்படுவான் என்றுதான் நினைத்தாள்.

"நெல்லத் திண்டு அழிக்கிறதுகளுக்கா நீ பரிஞ்சு கதைக்கிற? அறுக்கக்குள்ள உசிர் இருந்திச்சி. பிஸ்மி சொல்லித்தான் அறுத்தன். ஹலால்தானே?"

"நெல்லுத் திங்க வந்தத்தச் சுட்டிருந்தா நான் வாய் திறக்கமாட்டன். இது புள்ளட அழுகைக்கு வந்தது." அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "கத்திய வைக்கக்குள்ள பிஸ்மி சொன்னீங்க. புள்ளையக் கிள்ளக்குள்ள என்னத்தச் சொன்னீங்க?"

அவன் சிரித்துப் பிள்ளையின் தலையைத் தடவினான். "கிள்ளினா அழுவான், பொறகு மறந்திருவான். அவனுக்கென்ன தெரியும்?"

அடுத்த வண்டிலில் பிள்ளையோடு ஊருக்குப் போய்விடுவதென்று அவள் முடிவெடுத்தாள். அன்றிரவே மழை பிடித்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு வண்டிப்பாதைக்கு மேலால் பாய்ந்தது. வண்டில் வரவில்லை. கிடுகுக் கூரையில் இடைவிடாமல் அடித்த மழை, ஈர விறகின் புகை, பாயிலும் துணியிலும் ஏறிய பூஞ்சணம், எல்லாவற்றுக்கும் ஊடே அந்த இனித்த பால் வாடை. அவள் காவல் வேண்டி ஆயத்துல் குர்சி ஓதி ஓதிப் பிள்ளையின் மேல் ஊதினாள்.

பிள்ளை அழவில்லை.

பசித்தும் அழவில்லை. ஈரத்தில் கிடந்தும் அழவில்லை. முலை கொடுத்தால் முகத்தைத் திருப்பினான். கழுத்தை நிமிர்த்தி, கண் இமைக்காமல், கிடுகுத் தட்டிக்கு அப்பால் எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். ஜெமீல் இருமினால் பிள்ளையின் உடம்பு விறைக்கும். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தால் மூக்கு மெல்ல விரியும்.

இரண்டாம் நாளும் மழை விடவில்லை. மஹ்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, தட்டியின் இடுக்கால் வெளியே பார்த்தாள். களத்துமேட்டில் மான்கள் நின்றன. மேயவில்லை. காலடியில் பச்சைப் பயிர் கிடந்தும் ஒன்றும் குனியவில்லை. எல்லாம் பெட்டைகள். மழை முதுகில் வழிய, காதுகளை நிமிர்த்தி, வாடியைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் மடியிலிருந்தும் பால் சொட்டி மழைநீரில் வெண்மையாய்க் கரைந்துகொண்டிருந்தது.

ஜெமீலும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. வீடு தேடி வந்திருக்கின்றன என்று முணுமுணுத்துக்கொண்டே துவக்கை எடுத்தான். மருந்தைக் கெட்டித்துக் குண்டைப் போட்டான். ஆனால் மான்கள் வெடிக்கு எட்டாத தூரத்தில் நின்றன. இன்னும் கிட்ட வர வேண்டும். அவன் பிள்ளையின் பக்கம் திரும்பினான்.

"வேணாம்," என்றாள் நஸீறா.

அவன் குனிந்து கிள்ளினான். பளீல் அவனையே பார்த்தான். இன்னும் பலமாகக் கிள்ளினான். தோல் கிழிந்து இரத்தம் பொட்டாய் எழும்பியது. பிள்ளையின் வாய் திறக்கவில்லை. நஸீறா அவன் மணிக்கட்டில் கடித்தாள். அவன் அறைந்த அறையில் அடுப்புக்கல்லில் போய் விழுந்தாள். காதுக்குள் ரீங்காரம். வாயில் உப்பு. எழும்பும்போது பாய் வெறுமையாய்க் கிடந்தது.

வெளியே மழை.

அவள் வெடிக்காகக் காத்திருந்தாள். வெடி வரவில்லை. நனைந்த மருந்து. விசை தட்டும் ஒலி மட்டும். டக். மறுபடியும், டக்.

பிறகு குளம்புகள். சேற்றில். மெதுவாக. பிறகு வேகமாக.

பிறகு பிள்ளை வீரிட்டான்.

அவள் ஓடினாள். வரம்பு வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். அழுகை களத்துமேட்டிலிருந்து வந்தது. கிள்ளும்போது கேட்ட அதே வீரிடல். மூச்சு முட்டும். விக்கும். திரும்பவும் எழும். அவள் மார்பு கசியவில்லை. அது ஏனென்று அப்போது அவள் நினைக்கவில்லை.

மேட்டில் ஏறினாள்.

அழுதது ஜெமீல்.

அவன் மல்லாந்து கிடந்தான். மான்கள் முன்னங்கால்களைத் தூக்கித் தூக்கி அவன் மேல் இறக்கிக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல். நெல் குத்தும் பெண்களைப் போல, ஒன்று இறங்க ஒன்று எழும்ப. விலா உடையும் சத்தம், ஈர விறகு முறிவது போல. ஒரு கண் இருந்த இடத்தில் சேறு. கன்னம் பிளந்து பல்வரிசை வெளியே தெரிந்தது. அந்த வாய் திறந்தது. வளர்ந்த மனிதனின் தாடிக்குள்ளிருந்து பால் குடிக்கும் பிள்ளையின் குரல் வந்தது. அவன் வீரிட வீரிட, இருட்டிக்கொண்டு வந்த பற்றைக்குள்ளிருந்து இன்னொரு மான் வெளிப்பட்டது. பிறகு இன்னொன்று. அழுகைக்கு இரங்கித்தான் அவை வந்தன. வந்து, குனிந்து, மோந்து பார்த்து, காலைத் தூக்கின.

நெஞ்சுக்கூடு உள்ளே போனது. குரல் நின்றது. குளம்புகள் மட்டும் நிற்கவில்லை.

அப்பால் சாக்கின் மேல் ஒரு மான் கால்களை அகற்றி நின்றது. அதன் வயிற்றுக்கடியில் பளீல். கையும் காலும் ஊன்றி, கழுத்தை மேலே நீட்டி, மடியில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மான் அவன் தொடையின் கன்றல்களை நக்கிக்கொண்டிருந்தது.

"மனே," என்றாள் நஸீறா. "உம்மாட்ட வாங்க, மனே."

பளீல் மடியை விட்டான். திரும்பினான். தாடையில் பால் நுரை. அவள் முழங்காலில் விழுந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அந்தக் கைகளை மழை கழுவிக்கொண்டுதான் இருந்தது; அந்த இனித்த வாடை மட்டும் போகவில்லை. பிள்ளையின் மூக்கு விரிந்தது. மோந்தான். மறுபடியும் மோந்தான். அவன் உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. பின்னுக்கு நகர்ந்து மானின் கால்களுக்கிடையே ஒண்டினான்.

பிறகு, பெற்றவளின் கைகளைப் பார்த்தபடி, பிள்ளை வாயைத் திறந்து வீரிட்டான்.

ஜெமீலின் மேல் குளம்புகள் ஓய்ந்தன. மான்கள் ஒவ்வொன்றாகத் தலை நிமிர்த்தி அவள் பக்கம் திரும்பின.