தலைகீழ்த் தோட்டம்

நார்த்தை மரம் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது. அதன் மஞ்சள் பழங்களும், மரத்தடிக் கல்விளக்கும், பக்கத்து வீட்டு ஓடுகளும், தரைப்பக்கமாகக் கொஞ்சம் வானமும் துணி அலமாரியின் வெள்ளைக் காகிதக் கதவுகள்மேல் மங்கலாக விழுந்திருந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசித்துளை வழியாக வருகிற எதுவும் தலைகீழாகத்தான் வரும். வலது ஓரத்தில் ஒரு ஆள் மட்டும், பாதம் தரையில் பட, நேராக நின்றுகொண்டிருந்ததுதான் தொகுஜிக்கு உறுத்தியது.

ஆள் என்றால் முகமோ சட்டையோ தெரியவில்லை. தோட்டத்தின் வெளிச்சத்தில் ஆள் அளவுக்குக் கத்தரித்து எடுத்ததுபோல் ஒரு இருட்டு, அவ்வளவுதான். சாளேஸ்வரக் கண், மூன்று வருஷமாக ஒரே கூரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண், அது எதை வேண்டுமானாலும் ஆளாக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தொகுஜி மீன் டப்பா தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் தகரம் வெட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தேயிலை டப்பா, பிஸ்கட் டப்பா, எது கிடைத்தாலும் ஊசியால் ஒரு துளை போட்டுக் கேமராவாக்கிவிடுவார். நல்ல மடக்குக் கேமரா ஒன்றின் லென்ஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பீர் டின் தகட்டை அவர் ஒட்டியதைப் பார்த்து, புகைப்பட மன்றத்து நண்பர் குவாபரா அழாத குறை. பிறகு பக்கவாதம் வந்தது. வாய் போனது, கைகால் போனது. மிஞ்சியது இரண்டு இமைகளும் இடது கட்டைவிரலும். ஒரு தரம் இமைத்தால் ஆமாம், இரண்டு தரம் இமைத்தால் இல்லை. கட்டைவிரலுக்கு அடியில் ஒரு அழைப்புமணி. அழுத்தினால் சமையலறையில் ஒலிக்கும், மனைவி மித்சுயோ ஓடி வருவாள்.

கேமராக்களை மித்சுயோ எடுத்துக்கொண்டாள். முதலில் அவருக்குப் பொழுது போகட்டும் என்றுதான் ஆரம்பித்தாள், பிறகு அவளே அதில் விழுந்துவிட்டாள். நாள் முழுக்கக் கஞ்சி ஊட்டி, புரட்டிப்போட்டு, துடைத்து, துணி மாற்றுகிற பெண்ணுக்கு வேறு என்ன இருந்தது. அவள் படம் எடுக்கும்போது மட்டும் முகத்தில் வயது குறைவதைத் தொகுஜி பார்த்திருக்கிறார். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வராது.

"எனக்கு வாய்ச்ச மாடல் மாதிரி யாருக்கும் வாய்க்காது" என்பாள். "இருபது நிமிஷம் அசையாம இருங்கன்னா, மத்தவங்க மூக்கைச் சொறிவாங்க. நீங்க தங்கம்."

மன்றத்தின் வசந்தகாலக் கண்காட்சிக்கு இந்த வருஷம் அறையையே கேமராவாக்குவது என்று முடிவு செய்தாள். மழைக்கு மூடுகிற மரக்கதவுகளை எல்லாம் இழுத்து மூடி, இடுக்குகளில் கறுப்புத் துணி அடைத்து, அவர் தலைமாட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில் ஒரு தகட்டைப் பதித்து, அதில் துளை போட்டாள். எதிரே அலமாரிக் கதவுகளில், ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் சும்மா கொடுத்த எக்ஸ்ரே ஃபிலிம் தாள்களைச் சிவப்பு விளக்கில் ஒட்டினாள். துளையைத் திறந்தால் இருபத்தைந்து நிமிஷம். அதுவரை யாரும் உள்ளே வரக்கூடாது, குளிருக்கு வைத்த அடுப்பு எரியக்கூடாது, மணியின் பச்சை விளக்கின்மேல்கூடக் கறுப்பு நாடா. இந்த விதிகள் எல்லாம் தொகுஜி சொல்லிக்கொடுத்தவைதான்.

முதல் படத்தை அன்று மாலையே கழுவி, சொட்டச் சொட்ட எடுத்துவந்து விளக்குக்கு நேரே பிடித்தாள். ஃபிலிமின் புளித்த வாடை படுக்கைவரை வந்தது.

"ஏங்க, பாத்தீங்களா. இலைகூடத் தெரியுது."

தெரிந்தது. வானம் கறுப்பாக, மரம் வெளிறி, எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு இடம் ஒன்றுமே படாமல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. தலை, தோள், தொங்கும் இரண்டு கைகள், கால்கள்.

"இங்க என்னவோ மறைச்சிருக்கு" என்றாள் மித்சுயோ. "அலமாரி முன்னால நான் மாட்டி வச்ச சட்டைதான். நாளைக்கு எடுத்துடறேன்."

தொகுஜி அந்தத் தெளிந்த இடத்தையே பார்த்தார். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் தெளிவாக இருக்கும். தோட்டத்தில் யாராவது நின்றிருந்தால் தலைகீழாக விழுந்திருப்பான். இது துளைக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் நின்ற ஒன்று. இந்த அறைக்குள், அவர் கால்மாட்டுக்கு அப்பால், அலமாரிக்கு முன்னால். அசைந்திருந்தால் ஓரம் கலங்கியிருக்கும். ஓரம் கத்தியால் வெட்டினதுபோல் இருந்தது.

மறுநாள் சட்டையை எடுத்துவிட்டாள். அடுப்பை அணைத்தாள். மண்ணெண்ணெய் வாடை குளிர்ந்து மூக்கில் நின்றது. அவள் துளையைத் திறந்து பக்கக் கதவை இழுத்துச் சாத்தி, சமையலறையில் முள்ளங்கி நறுக்கும் சத்தம் ஆரம்பித்தபோது, நார்த்தை மரம் மெல்ல மெல்லக் கூரையில் இறங்கியது, ஓடுகள் வந்தன, கல்விளக்கு வந்தது. அதுவும் வந்தது. ஓரத்தில் இல்லை. நடுவில். நேற்றைவிடப் பெரிதாக.

தகரம் வெட்டியவருக்குக் கணக்கு தானாக வந்தது. துளைக்குக் கிட்டே வர வர நிழல் பெரிதாகும். துளை அவர் தலைக்குப் பின்னால். அப்படியானால் அது அலமாரியை விட்டு நகர்ந்திருக்கிறது. படுக்கையின் கால்பக்கம் வந்துவிட்டது.

கட்டைவிரலை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

மித்சுயோ கதவைத் திறந்த வேகத்தில் வெளிச்சம் உள்ளே கொட்டி, மரமும் ஓடும் கல்விளக்கும் அழிந்தன. அறையில் யாரும் இல்லை. வெற்றுப் பாய், அலமாரி, மூலையில் அடுப்பு. அவள் அவர் நெற்றியைத் தொட்டாள், போர்வையை விலக்கிப் பார்த்தாள், ஈரம் இல்லை. அப்புறம்தான் ஃபிலிமைத் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன தாள்களை ஒவ்வொன்றாக உரித்தாள். அதைப் பார்ப்பது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் வானம் வெளுத்திருந்தது. காலையில் குவாபரா போனில் கத்தியது படுக்கைவரை கேட்டது.

"மரத்தை எவன் பாப்பான் அக்கா? ஆள் வேணும். நீங்களே போய் நில்லுங்க. அசையாம நின்னா படத்துல விழுவீங்க."

மித்சுயோ சிரித்துக்கொண்டே வந்தாள். தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டி நெற்றிக்குமேல் முடிச்சு போட்டாள், முடிச்சின் இரண்டு நுனிகளும் முயல்காதுபோல் நின்றன. தொகுஜி இரண்டு தரம் இமைத்தார். மறுபடி இரண்டு தரம். மறுபடியும். அவள் எழுத்துப் பலகையை எடுத்துவந்து வரிசைமேல் விரலை ஓட்டினாள், அவர் இமைத்த இடத்தில் நிறுத்தினாள். கூட்டினால் வந்தது, வேண்டாம்.

"ஏன் வேண்டாம்?"

அவர் மறுபடி எழுத்து எழுத்தாகக் காட்டினார். உள்ளே என்று வந்ததும் அவள் பலகையைக் கீழே வைத்தாள்.

"உள்ளே குளிரும், அதானே. தெரியும். ரெண்டு போர்வை போத்திட்டுத்தான் போவேன்."

இரண்டு தரம் இமைத்தார். அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"வெயில் ஓட்டுக்குப் பின்னால போயிடும்ங்க. சாயங்காலம் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். இருபத்தஞ்சு நிமிஷம், எனக்காக." பிறகு அவர் விரலுக்கு அடியிலிருந்து மணியை உருவினாள். "இதை நான் வச்சிருக்கேன். நேத்து மாதிரி பண்ணிடுவீங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். போகும்போது அவர் கன்னத்தைத் தட்டினாள். கையில் முள்ளங்கி வாசனை அடித்தது. சமையலறையில் கடிகாரத்தை முறுக்குவது கேட்டது, வெளியே அவள் மரச்செருப்பு கல்மேல் தட்டித் தட்டிச் சுற்றி வந்தது, தலைக்குப் பின்னால் பலகைக்கு அப்பால் நின்றது. துளையின் நாடாவை அவள் உரிப்பது கேட்டது.

மரம் வந்தது. ஓடு வந்தது. கல்விளக்கின் பக்கத்தில் மித்சுயோ வந்தாள், விரல் நீளம், தலைகீழாக, வெள்ளைத் துண்டோடு. கையைக் கோத்துக்கொண்டு துளையைப் பார்த்து நின்றாள். அசையமாட்டாள். வீடே இடிந்தாலும் அசையமாட்டாள், அவருக்குத் தெரியும். அவ்வளவு ஆசை அவளுக்கு இதில்.

அதுவும் இருந்தது. கால்மாட்டில் இல்லை.

இருட்டின் தோள் ஓடுகளை மறைத்தது. பிறகு மரத்தை. அது நடப்பது தெரியவில்லை, பாய் சரசரக்கவில்லை. பார்க்கும்போது ஒரு அளவு. இமைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் பெரிது. தொகுஜி இமைக்காமல் இருந்து பார்த்தார். கண் எரிந்து நீர் வழிந்தது. இமைத்தார்.

படுக்கையின் பக்கத்தில்.

இமைத்தார்.

சுவர் முழுக்க இருட்டு. மித்சுயோ இல்லை, மரம் இல்லை. அது அவர் தலைமாட்டில், துளைக்கு நேரே நிற்கிறது. தலையணையின் ஒரு ஓரம் அமுங்கியது. நெற்றியில் குளிர். அவர் மனசுக்குள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். நாக்கு கல்லாகக் கிடந்தது. கட்டைவிரல் வெறும் போர்வையை அழுத்தியது. அழுத்தியது. அழுத்தியது.

வெளிச்சம் வந்தது.

முழுத் தோட்டமும் வந்தது. எங்கேயும் மறைவில்லை, ஓரத்தில்கூட இல்லை. போய்விட்டது. அவருக்கு அழுகை வந்தது, நிம்மதியில் வருகிற அழுகை. மித்சுயோ அதே இடத்தில் கை கோத்து நின்றாள். எவ்வளவு அழகாக நிற்கிறாள் என்று நினைத்தார்.

பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

அதுவும் தலைகீழாக இருந்தது. மரத்தைப்போல, அவளைப்போல. துளை வழியாக வருகிற எல்லாவற்றையும்போல.

அவள் திரும்பவில்லை. நேரம் ஆகவில்லையே.

இமைக்காதே. இமைக்கக்கூடாது. கண் எரிந்தது. இமைக்காதே.

இமைத்தார்.

தோட்டத்தில் மரம் இருந்தது. கல்விளக்கு இருந்தது. வேறு யாரும் இல்லை.

சமையலறையில் கடிகாரம் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, சாவி தீர்ந்து நின்றது. கல்மேல் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. துளையை மூட யாரும் வரவில்லை.

சுவரில், வலது ஓரத்தில், பாதம் தரையில் பட, நேராக இரண்டு நிழல்கள் நின்றன. ஒன்று உயரம். மற்றது குட்டை, கை கோத்தபடி, நெற்றிக்குமேல் துண்டின் முடிச்சு இரண்டு காதாக நிற்க.

தொகுஜியின் கண் எரிய ஆரம்பித்தது.