மேனேஜருக்கு ஓர் அறை

“இந்த வீட்டை எங்கே கட்டப் போகிறாய்?”

விமான நிலையத்தில் சீருடை போட்ட அம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை. அப்பாதான் தமிழில் சொன்னார். என் கையிலிருந்த நீளமான குழாயைத் திறந்து, உள்ளே இருந்த தாளை அந்த அம்மா மேசையில் விரித்து வைத்திருந்தார்.

புது ஆட்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஏற்கெனவே கட்டியாச்சுன்னு சொல்லலாம்ல?” என்று அப்பா சிரித்தார்.

அது வீடு இல்லை. எங்கள் குடும்பம். அப்பாவுக்கு வேலை, கட்டடங்களுக்கு பிளான் வரைவது. மற்றவர்கள் தங்கள் குடும்பத்தை மரம்போல வரைவார்களாம். “மரம் வளைஞ்சு வளைஞ்சு போகும். நமக்கு நேர்கோடுதான் வரும்” என்று சொல்லி, அப்பா அதை ஒரு வீடாகவே வரைந்துவிட்டார். ஆளுக்கு ஓர் அறை. கல்யாணம் நடந்தால் நடுவில் ஒரு கதவு.

வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு பெரிய அறைகள். ஒன்று என் கொள்ளுத்தாத்தாவுக்கு, இன்னொன்று அவர் தம்பிக்கு. அந்தத் தம்பி இருபது வயதில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர். அதனால் அவர் பக்கம் ரொம்ப நாள் வெறும் தாளாகவே கிடந்தது. போன வருஷம்தான் அவருடைய பேரனை அப்பா தேடிப் பிடித்தார். அவர் எனக்குச் சித்தப்பா முறை.

சித்தப்பா சலவைக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. படியேறும்போதே சோப்பும் சூடான துணியும் சேர்ந்த வாசனை வந்தது. வீட்டில் சித்தி, இரண்டு வயதுத் தம்பி, அப்புறம் என் வயதுப் பெண் ஒருத்தி. எல்லாரும் அவளை ‘மேனேஜர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சட்டைகூட அவள் எண் சீட்டைச் சரிபார்க்காமல் கடையை விட்டுப் போகாதாம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பிளானை விரித்தார்.

“இவ்வளவு பெரிய வீட்டைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டீங்களேண்ணே” என்ற சித்தப்பா, தன் அறையைக் கண்டுபிடித்துவிட்டார். “என் ரூம்ல ஒரு ஜன்னல்கூட இல்லையே?”

“கல்யாணம் ஆனவனுக்குக் கதவு போதும்” என்றார் அப்பா.

சித்தி சிரித்துக்கொண்டே துணி மடித்தாள். மேனேஜர் மேசைமேல் சாய்ந்து, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் விரல் சித்தப்பாவின் அறைக்குள் போனது. கதவைத் தாண்டிச் சித்தியின் அறைக்கு வந்தது. அங்கிருந்து தம்பியின் அறைக்குப் போனது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் முறை சுற்றி வந்ததும் கையைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“சட்டைக்கெல்லாம் நம்பர் சீட்டு மாட்டணும்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

சித்தி மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். சித்தப்பா எதையும் கவனிக்கவில்லை. “நாளைக்கே ஃப்ரேம் போட்டுக் கடையில மாட்டிடலாம்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் கீழே போனேன். மேனேஜர் ஊக்கில் சீட்டுகளைக் கோத்துச் சட்டைகளில் மாட்டிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்தேன்.

“அதை நெசமாவே கடையில மாட்டுவாங்களா?” என்று கேட்டாள்.

“சித்தப்பா அப்படித்தான் சொன்னாரு.”

“என் கிளாஸ் பசங்க எல்லாம் யூனிஃபார்ம் எடுக்க இங்கதான் வருவாங்க. அப்பா சும்மா இருக்க மாட்டாரு. ஒவ்வொரு பேரா படிச்சுக் காட்டுவாரு.” இரண்டு சட்டைக்குச் சீட்டு மாட்டிய பிறகு அவளே சொன்னாள்: “எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்ப முதல் அப்பா செத்துட்டாரு. ஏழு வயசுல இந்த அப்பா கிடைச்சாரு.”

கையிலிருந்த ஊக்கைக் கீழே வைத்தேன். மேலே ஓடினேன். அப்பா மட்டும் மேசையருகே உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, மேனேஜருக்கு ஏன் ரூம் இல்ல?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். “கல்யாணமாகி மூணு வருஷம்தான் ஆச்சு. பொண்ணுக்குப் பத்து வயசு. கணக்கு உதைச்சுது. விசாரிச்சப்பதான் சித்தியோட முதல் கல்யாணத்துல பிறந்தவள்னு தெரிஞ்சுது. இது வம்சத்தோட பிளான்மா. இதுக்குள்ள பிறந்தவங்களுக்குத்தான் ரூம்.”

“அம்மா இதுக்குள்ளயா பிறந்தாங்க?”

“அம்மா கதவு வழியா வந்தாங்க.”

“சித்தி?”

“சித்தியும் கதவு வழியாத்தான்.”

“சித்தி வர்றப்ப இவளும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்திருப்பா? சித்தி உள்ள வந்ததும் நீங்க கதவைச் சாத்திட்டா, இவ எங்கப்பா நிப்பா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ஒரு ப்ளேடு வேணுமே” என்றார் கடைசியில். மையில் போட்ட கோட்டை அப்பா ப்ளேடால்தான் சுரண்டி எடுப்பார். “நீயே போய்ச் சித்தப்பாகிட்ட வாங்கிட்டு வா.”

போனேன். கடையின் பின்கட்டில் சித்தப்பா பெரிய இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“ப்ளேடா? எதுக்கும்மா?”

“மேனேஜருக்கு ரூம் போட.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் என்னோடு மேலே வந்தார். பிளானை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். முகம் சின்னதாகிவிட்டது.

“நான் போன்ல ரெண்டு குழந்தைன்னுதானேண்ணே சொன்னேன்?”

“சொன்னே. நான்தான் என் கணக்கைப் பார்த்தேன். தப்பு என்மேலதான்.” அப்பா ப்ளேடை வாங்கிக்கொண்டார். பிறகு நெற்றியைச் சொறிந்தார். “ஓரத்துல இடமே இல்லையே. வெளியில தனியா போட்டா கார் ஷெட் மாதிரி இருக்கும்.”

“வெளியில எதுக்கு?” என்றேன். “தம்பி ரூமைப் பாதியாக்குங்க. இத்தனூண்டு பையனுக்கு அவ்வளவு பெரிய ரூம் எதுக்கு?”

அப்பா தம்பியின் பெயரைச் சுரண்டினார். தாள் கிழிந்துவிடுமோ என்று சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிழியவில்லை. அறையின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. ஒரு பக்கம் தம்பியின் பெயர். மறுபக்கம் மேனேஜரின் முழுப் பெயர். சித்தியின் அறையிலிருந்து அதற்குள் போக வழியும் விட்டார்.

சித்தப்பா படியருகே போய்க் கூப்பிட்டார். “மேனேஜர், கொஞ்சம் மேல வாங்க.”

அவள் வந்தாள். பிளானைப் பார்த்தாள். மேசையிலிருந்த அப்பாவின் அளவுகோலை எடுத்து, தன் அறையை அளந்தாள். அகலம் மூன்று சென்டிமீட்டர். அடுத்துத் தம்பியின் அறையை அளந்தாள். அதுவும் மூன்று. நம்பிக்கையில்லாமல் இரண்டையும் இன்னொரு முறை அளந்தாள். அப்பா பரீட்சை எழுதிய பையன்போல நின்றார்.

“அளவு சரியா இருக்கா?” என்று கேட்டார் சித்தப்பா.

மேனேஜர் அளவுகோலைக் கீழே வைத்தாள். அலமாரியைத் திறந்து ஒரு சுத்தியலையும் இருப்பதிலேயே பெரிய ஆணியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கிப் போனாள்.