கேனும் மூச்சு விடணும்

“பாக்கெட்டா, பாட்டிலா, கேனா?” என்று கேட்டார் ஆயில் கடைக்காரர்.

“பாட்டில்,” என்றாள் அம்மா, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

“பாட்டில் தீர்ந்துடுச்சும்மா.”

“அப்புறம் ஏங்க கேட்டீங்க?”

“வாய்ப் பழக்கம். பாக்கெட் தரட்டுமா? லேசா இருக்கும். முனையை வெட்டினா ஊத்திடலாம்.”

“பாக்கெட் மட்டும் வேணாம்!” என்று அலறினாள் சிட்டு.

கடைக்காரர் பயந்தே போனார். “பாக்கெட் என்ன பாப்பா, கடிச்சுதா?”

கடிக்கவில்லை. அதைவிட மோசம். போன தடவை வீட்டு முற்றத்தில் வைத்து அம்மா வேனுக்கு ஆயில் மாற்றியபோது வாங்கியது பாக்கெட்தான். முனையை வெட்டிவிட்டால் பாக்கெட்டை எங்கேயும் வைக்க முடியாது, பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் புனல் நழுவியது. அம்மா அதை எடுக்கக் குனிந்தாள். பாக்கெட்டும் கூடவே குனிந்தது. அம்மாவின் செருப்பு, முற்றம், படி எல்லாம் ஆயில்.

அந்த ஆயிலில்தான், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைப் பார்க்க வந்த ஒருவர் கால் வைத்தார். அதே காலோடு உள்ளே போய், தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியிலும் வைத்தார்.

தையல்காரம்மாதான் அந்த வீட்டின் சொந்தக்காரர். “இன்னும் ஒரு சொட்டு இங்க விழட்டும்,” என்று அன்றைக்குச் சொன்னார். “அப்புறம் உன் வேன் இந்த முற்றத்துல நிக்காது, ஆமா.”

வேறு இடம் என்றால், பெரிய சாலையைத் தாண்டி இருக்கும் மைதானம்தான். அம்மா ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சலவைக்கு எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து கொடுப்பவள். நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, அத்தனை தூரம் நடந்து வர வேண்டும். இப்போதே வீட்டுப் படி ஏறுவதற்குள் ஒருமுறை உட்கார்ந்துவிடுகிறாள்.

“கேனே குடுங்க,” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேனைத் தூக்கிப் பார்த்தாள். குட்டி யானை மாதிரி கனத்தது. மேல்பக்கம் ஒரு கைப்பிடி. ஒரு ஓரமாய் வாய்.

ஜன்னலில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“என்ன, இன்னைக்கா?”

“இன்னைக்கு ஒருநாள்தானே அக்கா லீவு. ஆயில் தார் மாதிரி ஆயிடுச்சு. நாளைக்குக் காலையில வண்டிய எடுக்கணும்.”

“எடு, எடு. போன தடவை விழுந்த கறையைப் பாத்தியா? அந்த அளவுத் துணியில ஒரு பாவாடையே தச்சிருக்கலாம்.”

“இந்தத் தடவை கைக்குட்டை அளவுகூட விழாது அத்தை,” என்றாள் சிட்டு.

“வாய் மட்டும் இருக்கு உனக்கு!”

அம்மா வேனுக்கு அடியில் படுத்து, தட்டை நகர்த்தி வைத்தாள். அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினாள். பழைய ஆயில் கறுப்பாய்த் தட்டில் இறங்கியது.

“இது வடியிற வரைக்கும் கண்ண மூடிக்கிறேன் சிட்டு.”

“உள்ள போய்ப் படும்மா.”

“உள்ள போனா எந்திரிக்க மாட்டேன். மூச்சு விட நேரமில்ல, இதுல படுக்கையா?” என்று சொல்லிக்கொண்டே படியில் சாய்ந்த அம்மா, அடுத்த நொடியே தூங்கிப்போனாள்.

சிட்டு கேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கெட் பரவாயில்லை, அதுல கொஞ்சம்தான் கொள்ளும். இது கவிழ்ந்தால் முற்றமே மிதக்கும்.

குளியலறையில் தரை கழுவும் மருந்துக் கேன் ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்கும் ஓரமாய்த்தான் வாய். சிட்டு அதில் தண்ணீர் நிரப்பினாள். ஒரு குவளையை வைத்து, கேனின் வாய் கீழ் ஓரத்தில் இருக்கும்படி பிடித்து, மெல்லச் சாய்த்தாள்.

குளுக்!

ஒரு வாய் தண்ணீர் துள்ளி வந்து அவள் கவுனில் விழுந்தது. ஒரு நொடி நின்றது. மறுபடி, குளுக்! இந்தத் தடவை மூக்கில்.

“ஏய், ஒழுங்கா வா!” என்று கேனைத் திட்டினாள். கேன் கேட்டால்தானே? குளுக் குளுக் என்று விக்கியது.

விக்கலைக் கேட்டதும் அவளுக்கு ஒன்று தோன்றியது. விளையாடிவிட்டு வந்து அவள் மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தால் அம்மா சொல்வாள்: “மூச்சு விட்டுக் குடிடி.” இந்தக் கேனுக்கும் மூச்சு விட நேரமில்லையோ? தண்ணீரும் அதே வாய் வழியாக வெளியே வர வேண்டும், காற்றும் அதே வாய் வழியாக உள்ளே போக வேண்டும். ரெண்டும் முட்டிக்கொண்டால் விக்காமல் என்ன செய்யும்?

கேனை அப்படியே திருப்பிப் பிடித்தாள். இப்போது வாய் மேல் ஓரத்தில் இருந்தது. பார்த்தால் தப்பாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது. மெல்லச் சாய்த்தாள்.

சத்தமே இல்லை. வாயின் கீழ்ப்பாதியில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. மேல்பாதி வழியே காற்று உள்ளே போயிருக்க வேண்டும். குவளை நிரம்பியது, வெளியே ஒரு சொட்டு இல்லை.

சிட்டு முற்றத்துக்கு ஓடினாள். அம்மா எழுந்துவிட்டிருந்தாள். பாதிக் கண் மூடியபடி புனலை இன்ஜினில் செருகி, ஒரு கையால் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

“அம்மா, நில்லு! அந்தக் கையில என்ன?”

அம்மா கையை விரித்தாள். அடியில் மாட்ட வேண்டிய போல்ட்!

“ஐயையோ! மேல ஊத்த ஊத்த எல்லாம் கீழ போயிருக்குமே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி வேனுக்கு அடியில் போய் போல்ட்டை முடுக்கிவிட்டு வந்தாள். “என் மூளையும் லீவுல இருக்கு சிட்டு.”

“இருக்கட்டும்மா. கேனை மட்டும் நான் சொல்றபடி பிடி. வாய் மேல இருக்கணும்.”

“தலைகீழா இருக்கேடி!”

தையல்காரம்மா வெளியே வந்தே விட்டார். “என்ன விளையாட்டு இது? ஊத்துற வாய் கீழ இருக்க வேணாமா?”

“கீழ இருந்தா அதுக்கு மூச்சு விட முடியாது அத்தை. விக்கல் எடுத்துத் துப்பிடும்.”

“கேனுக்கு மூச்சா?” தையல்காரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளைப் பார்த்தாள். சிட்டுவின் கவுன் முழுக்க ஈரம்.

“உன் மேல எப்படி இவ்ளோ தண்ணி?” என்று கேட்டாள் அம்மா.

“வாய் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சுப் பாத்தேன், அதான்.”

அம்மா கேனைத் திருப்பினாள். சிட்டு புனலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தையல்காரம்மா தன் சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

கேன் சாய்ந்தது. தேன் நிறத்தில் ஆயில் ஒரே கம்பியாய் இறங்கியது. துள்ளவில்லை, விக்கவில்லை. அம்மா நடுவில் நிறுத்தி, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தாள். கேனைக் கீழே வைக்க முடிந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றி, மூடியைப் போட்டாள்.

தையல்காரம்மா குனிந்து தரையைத் தேடினார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சக்கரத்துக்குப் பின்னால்கூட.

“அளவெடுக்க ஒண்ணும் இல்லையே,” என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றமாக.

“அப்போ வேன் இங்கயே நிக்கலாமா அத்தை?”

“நிக்கட்டும், நிக்கட்டும். நாளைக்கு என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடணும், நீ வா. அந்தக் குப்பியும் துப்பித் தொலைக்குது.”

“சரி அத்தை. அம்மா, பழைய ஆயிலை எதுல...”

அம்மா படியில் சாய்ந்து, கையில் மூடியோ போல்ட்டோ எதுவும் இல்லாமல் தூங்கிவிட்டிருந்தாள். சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாள்.

மூச்சு நிதானமாக வந்து போனது. ஒரு ‘குளுக்’ கூட இல்லை.