அலைமதகு பற்றி உறுப்பினரின் நிலைப்பாடு

காலையில் கடல் ஓதம் ஏறித் தண்ணீர் உள்ளே வந்ததும் கழிமேடு நகரின் வீடுகள் தத்தம் இரும்புக் கால்களை நீட்டி ஓர் ஆள் உயரம் எழும்பி நின்றன. அரசாங்கம் இலவசமாகக் கட்டிக் கொடுத்த வீடுகளின் கால்கள் எழும்பும்போது கொஞ்சம் உதறும். சட்டமன்ற உறுப்பினர் திருமேனிநாதனின் வீடு உதறவில்லை. அவர்தான் உதறிக்கொண்டிருந்தார்.

தேர்தலுக்கு நிலைப்பாடு பதியக் கடைசி நாளான அன்று மாலைக்குள் அவர் தன்னுடைய சொல்நிழலுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்நிழல் என்பது ஒவ்வொரு உறுப்பினருக்கும் வேட்பாளருக்கும் காதுக்குப் பின்னால் பதிக்கப்படும் அரிசி அளவுக் கருவி. அவர் அவையில் பேசியது, மேடையில் முழங்கியது, கல்யாண வீட்டுப் பந்தியில் வாக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். தேர்தல் வந்தால் அவருடைய குரலிலேயே வாக்காளர்களிடம் பேசும். ஜெயித்த பிறகு, தேர்தலின்போது பதிந்த நிலைப்பாடு எதுவோ அதன்படி அவையில் வாக்களிப்பதும் அதுதான். உறுப்பினர் மனம் மாறினாலும் அது மாறாது. பதியாமல் விட்ட விஷயத்தில் மட்டும் உறுப்பினரே பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்; இந்தத் தேர்தலிலிருந்து அந்தச் சலுகையும் கிடையாது. ஒரு காலத்தில் காலையில் ஒன்று பேசி மாலையில் வேறு பேசும் ஆட்கள் இருந்தார்களாம். அவர்களால் வெறுத்துப்போன மக்கள் போராடி வாங்கிய சட்டம் இது.

பள்ளிக்கூடம், மின்சாரம், நிலாக் குடியேற்றம் ஆகியவற்றில் திருமேனிநாதனின் நிலைப்பாடு கண்ணாடியாக இருந்தது. அவற்றைப் பற்றித் தொகுதியில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை என்பதுதான் காரணம். எல்லோரும் கேட்டது அலைமதகைப் பற்றி. உப்பங்கழி கடலில் சேரும் இடத்தில் ஒரு மதகு கட்டலாமா வேண்டாமா? மேட்டுக்கரைக்காரர்களின் கிணறுகளில் உப்பேறிவிட்டது, அவர்களுக்கு மதகு வேண்டும். கழிக்கரைக்காரர்கள் தண்ணீருக்குள் மூங்கில் பட்டி கட்டி நண்டு வளர்க்கிறார்கள். ஓதம் வராவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம், ஆகவே மதகு கூடாது. இரண்டு கரையிலும் ஓட்டு ஏறக்குறைய சமமாக இருந்தது. அதுதான் அவருடைய தலைவிதி.

"அலைமதகு" என்றது சொல்நிழல், சுவரில் இருந்த ஒலிப்பெட்டி வழியாக. திருமேனிநாதனுக்குத் தன் குரலைத் தானே கேட்பது எப்போதும் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை. "ஒருமுறை ஆதரித்து வாக்களித்திருக்கிறீர்கள். ஒருமுறை எதிர்த்து. பலமுறை வெளிநடப்பு. கடைசியாக வாக்கெடுப்பு நடந்தபோது உணவகத்தில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இதில் எது நீங்கள்?"

"மேட்டுக்கரைக் கூட்டத்துல பேசினேனே, அதப் போட்டுக்க."

"அன்று மாலையே கழிக்கரைக்குப் போய் அதை மறுத்திருக்கிறீர்கள்."

"அப்போ மறுத்ததப் போட்டுக்க."

"மறுத்ததையும் மறுநாள் மறுத்திருக்கிறீர்கள்."

அவருடைய உதவியாளர் சகாயராணி அலுவலக அறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். பத்து வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறவள். "சார், உங்க மனசுல என்னதான் இருக்கு? அதச் சொல்லிட்டாப் போச்சு" என்றாள்.

திருமேனிநாதன் உண்மையாகவே தன் மனதுக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே இரண்டு கரைக் கூட்டமும் கைதட்டிக்கொண்டிருந்தது. அவரைக் காணவில்லை. அவருக்கு லேசாகப் பயம் வந்தது.

கட்சிக் கொறடாவைத் தொலைபேசியில் பிடித்தார்.

"தலைவர் இன்னும் வாயத் தொறக்கலய்யா" என்றார் கொறடா. "அவர் சொல்றதுக்கு முன்னாடி நீயா எதையாச்சும் நெனச்சுக் கினச்சு வெச்சிராத."

"சாயந்தரத்துக்குள்ள பதிஞ்சாகணுமேண்ணே?"

"பதி. ஆனா எதையும் சொல்லிராத."

மாலை வந்துவிட்டது. சொல்நிழல் மறுபடி கேட்டது. திருமேனிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் புலம்பினார்: "எனக்கே தெரியலையேடா சாமி!"

"பதிவாகிவிட்டது" என்றது சொல்நிழல். "அலைமதகு பற்றி உறுப்பினரின் நிலைப்பாடு: தெரியாது. இது உங்கள் முந்தைய பேச்சுகள் எதனோடும் முரண்படவில்லை. வாழ்த்துகள்."

அவர் கத்தினார், கெஞ்சினார். பதிந்தது பதிந்ததுதான். இந்தத் தடவை கட்டுத்தொகை போச்சு என்று முடிவுகட்டிப் பிரச்சாரத்துக்கே போகாமல் படுத்துக்கொண்டார்.

நடந்தது வேறு. வீடு வீடாகப் பேசிய சொல்நிழல், மற்ற எல்லா வேட்பாளர்களும் அடித்துச் சொன்ன இடத்தில், "எனக்கே தெரியலையேடா சாமி" என்று அவருடைய குரலிலேயே புலம்பியது. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். மனதில் பட்டதை மறைக்காமல் சொல்ல இப்படி ஒரு மனுஷனா! தெரியாது என்கிறவர் நாளைக்கு நம் பக்கம்தான் வருவார் என்று மேட்டுக்கரை நம்பியது. கழிக்கரையும் அதையே நம்பியது. திருமேனிநாதன் தன் வாழ்நாளில் பார்க்காத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கட்சித் தலைவர் இப்போது வாயைத் திறந்தார். முதல் கட்டத் தேர்தல் கழிமேட்டில் மட்டும்தான் நடந்திருந்தது; மிச்சமிருந்த கட்டங்களில் கட்சியின் எல்லா வேட்பாளர்களும் எதைப் பற்றியும் தெரியாது என்றே பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. எதிர்க்கட்சி விடுமா? எங்களுக்கு அவர்களைவிட அதிகமாகத் தெரியாது என்று சுவரெல்லாம் எழுதியது.

இந்த அமளிக்கு நடுவே திருமேனிநாதனுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. தெரியாது என்று சொல்லி ஜெயித்தாகிவிட்டது, இனிமேலாவது தெரிந்துகொண்டால் என்ன? அமாவாசைக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் கழிக்கரைக்குப் போனார். கன்னியம்மா என்கிற நண்டுக்காரி தன் படகில் அவரை ஏற்றிக்கொண்டாள். மதகுக்கு எதிராகப் பத்து ஊர்வலம் போனவள் அவள்.

"மாலை போடவும் ஆளில்ல, படம் புடிக்கவும் ஆளில்ல. எதுக்குண்ணே வந்தீங்க?" என்றாள்.

"பாக்கத்தாம்மா."

"என்னத்தப் பாக்க?"

"அதுவும் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவர் பார்த்தார். சாதாரண ஓதம் வந்து போனபோது மேட்டுக்கரைக் கிணறுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நண்டுகளும் சுகமாக இருந்தன. மறுநாள் விடிகாலை அமாவாசை ஓதம் வந்தது. மேட்டுக்கரையில் வரப்பைத் தாண்டிக் கிணறுகளில் இறங்கியது. இந்தப் பக்கம் கன்னியம்மாவின் பட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவள் மிதந்து போகும் மூங்கில்களைப் பிடிக்கப் பார்த்தாள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். ஒரே ஒரு மூங்கில்தான் மிஞ்சியது.

"இப்புடி எத்தன தடவம்மா போவும்?" என்றார் மூச்சு வாங்க.

"ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பயந்துகிட்டுத்தாண்ணே கெடக்கோம். சின்ன ஓதம் சோறு போடுது. இது புடுங்கிட்டுப் போவுது."

"அந்த ரெண்டு நாள் மட்டும் மூடி வெச்சா? மதகுதானேம்மா, சுவரு இல்லயே. தொறக்கவும் செய்யலாமே?"

கன்னியம்மா கையில் இருந்த ஒற்றை மூங்கிலோடு அப்படியே நின்றாள். "அட, ஆமாண்ணே" என்றாள். "இத யாரும் சொல்லலயே. மூடிப்புடுவாங்கன்னுதானே எல்லாரும் சொன்னாங்க."

எல்லோரும் என்பதில் தானும் உண்டு என்று திருமேனிநாதனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷமாகவும் இருந்தது. முதன்முதலாக அவருக்குள்ளே ஓர் எண்ணம் யார் கைதட்டலும் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தது.

அலைமதகு மசோதா அவைக்கு வந்த நாளன்று அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பேச எழுந்தார். "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். அவை சிரித்தது. பேரவைத் தலைவரும் சிரித்துவிட்டு, உறுப்பினர் தன் புகழ்பெற்ற நகைச்சுவையைச் சுருக்கமாக முடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வாக்கெடுப்பு வந்தது. அவர் 'ஆம்' பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். காதுக்குப் பின்னால் லேசாகச் சுட்டது.

"தெரியாது" என்றது அவருடைய குரல், அவை முழுக்கக் கேட்கும்படி.

அவரைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எல்லா உறுப்பினர்களின் குரல்களும் அதையே சொல்லின. ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மசோதாவை அடுத்த பேரவை பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவைத்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டிய சத்தத்தில் அவர் சொன்ன எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது படகுத்துறையில் இரண்டு கரை ஜனமும் பொன்னாடையோடு நின்றது. "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க தலைவா!" என்று மேட்டுக்கரைப் பெரியவர் உலகநாதன் பொன்னாடையை விரித்தார்.

திருமேனிநாதன் அதைக் கையால் தடுத்தார். "கொஞ்சம் இருங்க. மதகு வேணும். பெரிய ஓதத்துக்கு மூடணும், மத்த நாளெல்லாம் தொறந்து வெக்கணும். ரெண்டு கரையும் பொழைக்கும். எனக்குத் தெரியும்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "பாத்தியா, ஜெயிச்சு முடிஞ்சதும் எல்லாம் தெரிஞ்சு போச்சாம்!"

"அப்போ அன்னிக்கி எங்ககிட்டப் பொய்தானே சொன்னீரு?" என்றார் உலகநாதன். பொன்னாடை மடிந்து அவர் தோளுக்கே போனது. "எல்லாரும் மாதிரி நீரும் மாறிட்டீரு."

"மாறல! நேர்ல போய்ப் பாத்தேன்யா!" அவர் கூட்டத்தைத் தேடினார். கழிக்கரைக்காரர்களுக்கு நடுவில் கன்னியம்மா நின்றிருந்தாள். அவருக்கு உயிர் வந்தது. "கன்னியம்மா, நீ சொல்லும்மா! நீயும் தண்ணியில நின்னு பாத்தியே. மதகு வேணுமா, வேணாமா?"

எல்லா முகங்களும் அவளிடம் திரும்பின. ஒரு பக்கம் அவளோடு ஊர்வலம் போன அண்ணன் தம்பிகள். இன்னொரு பக்கம் அவளிடம் நண்டு வாங்கும் மேட்டுக்கரை வியாபாரிகள். அவள் காதுக்குப் பின்னால் எந்தக் கருவியும் கிடையாது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள்.

கூட்டம் நிம்மதியாகக் கைதட்டியது.