பதிலுக்கு ஒரு தட்டு

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தட்டியது தன் கணவன் இல்லை என்பது, அவள் பதிலுக்குத் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

தட்டிப் பார்ப்பது அவர்கள் இருவருக்குள் இருந்த வழக்கம். அவன் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். ஊரே விழித்துக் கொட்டமடிக்கும் பகலில்தான் அவனுக்குத் தூக்கம். வாடகை வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரர் தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதனால் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் படுக்கையறையில் அவளை நிறுத்திவிட்டு, சுவரின் மறுபக்கம் போய் விரல் முட்டியால் தட்டுவான். வேகமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. சத்தம் வந்தால் அவள் பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். ‘கேட்கிறது, வா’ என்று அதற்கு அர்த்தம்.

பார்த்த வீடுகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. அவளுக்கு அப்போது நாலாவது மாதம். பிரசவத்துக்கு முன் ஒன்றில் குடியேறிவிட வேண்டும். முதல் வீடு புதுசு, எல்லா வேலையும் முடித்து, பெருக்கித் துடைத்து வைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், அன்றைக்கே அடுப்பைப் பற்றவைக்கலாம் என்றார் தரகர். இரண்டாவது பழசு, கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது, கூரை ஒழுகியது, ஜன்னல்கள் மூடினால் திறக்கவில்லை, திறந்தால் மூடவில்லை. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பிறக்கப்போகும் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும் என்று தரகரே சிரித்தார்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அவள் வேலை. வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்பவள். தன்னை யாராவது அப்படிக் கேட்டால் அவளுக்குப் பதில் வராது. முடிவு செய்தபின்னும் நாலு முறை யோசிப்பாள். ஆனால் இந்த முறை அவளுக்கே சந்தேகம் இருக்கவில்லை. புது வீடுதான்.

அதைத் தட்டிப் பார்க்கப் போன மாலை, மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்க, காயாத பெயின்ட் வாசனை மூக்கில் ஏற, யாரும் இன்னும் நடந்து பழகாத வழவழப்பான தரையில் தன் நிழல் தண்ணீரில் விழுந்ததுபோல் நீண்டு கிடப்பதைப் பார்த்தபடி, அவள் படுக்கையறைச் சுவரில் காதை வைத்து நின்றாள். சத்தம் வந்தது. வேகமாக இரண்டு. நிறுத்தி ஒன்று. வழக்கமாக அவன் தோள் உயரத்தில் தட்டுவான். இது கீழே, அவள் வயிற்று உயரத்தில் இருந்தது. குனிந்து தட்டுகிறான்போல என்று நினைத்து, அவளும் குனிந்து ஒரு தட்டு தட்டினாள்.

முதுகுக்குப் பின்னால், வாசல் கதவருகே, அவன் செருப்பை உதறும் சத்தம் கேட்டது.

“தரகர் வாசல்லயே புடிச்சு நிறுத்திட்டார். இப்பப் போய்த் தட்டவா?”

வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தாள். ஒட்டிய வீடு ஏதும் இல்லை. மதில்வரை மழையில் குழைந்த வெறும் சேறு. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை.

எலியாக இருக்கும். குழாயாக இருக்கும். எலிக்கு எப்படித் தங்கள் கணக்கு தெரியும்? அவனிடம் சொன்னால் இனி காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வான். அதனால் திரும்பி வரும் வழியில், பழசையே வாங்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

“உனக்குப் பழசுன்னாலே ஆகாதே?” என்றான் அவன் ஆச்சரியத்தோடு.

சுவர் கனமாக இருக்கிறது, உங்களுக்குத் தூக்கம் வரும் என்றாள். அவனுக்கும் விலை கையைக் கடிக்காது என்று தோன்றியதால் மேலே கேட்கவில்லை. தான் ‘வா’ என்று சொன்னது அந்த வீட்டிலிருந்த எதையோ. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாகிவிட்டது. இப்படித்தான் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பழைய வீட்டில் முன்னறையில் குடியிருந்துகொண்டே வேலை நடந்தது. அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பகலில் தூங்கப் பழகினான். சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. ஓட்டில் அணில், குழாயில் காற்று, வெயில் தாழ்ந்தால் மரச்சட்டங்களில் நெட்டி முறிக்கும் ஒலி. ஒவ்வொன்றுக்கும் கொத்தனாரிடம் ஒரு காரணம் இருந்தது. வயசான வீடு தங்கச்சி, மூட்டுவலியில முனகுது என்பார். அவள் சிரிப்பாள். காரணம் உள்ள சத்தங்களுக்கு நடுவே தூங்குவது அவளுக்குச் சுகமாக இருந்தது.

ஏழாவது மாதத்தில் ஒரு மாலை, அவன் வேலைக்குப் போனபின், முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுச்சுவரில் அது கேட்டது. வயிற்று உயரத்தில். இரண்டு. ஒன்று.

அவள் பதிலுக்குத் தட்டவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, விடிந்து அவன் வரும்வரை தெருவிளக்கு வெளிச்சம் விழும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நடுச்சுவரை இடித்துவிடச் சொன்னாள்.

“நல்ல சுவர் தங்கச்சி. பாவம், உங்களை என்ன பண்ணுச்சு?” என்றார் கொத்தனார்.

இரண்டு அறையும் ஒன்றானால் காற்று வரும் என்றாள். இடித்தபோது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்தாள். செங்கல்லும் தூசியும் தவிர ஒன்றுமில்லை. சுவர் நின்ற இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் மிஞ்சியது. அதை நிரப்பி, மேலே சிமென்ட் பூசி, கரண்டியால் கண்ணாடிபோல் இழைத்துவிட்டு, காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு கிளம்பினார் கொத்தனார்.

சுவரே இல்லை. இனி எதில் தட்டும்? பல நாளுக்குப் பிறகு அவளுக்கு உடம்பு தளர்ந்து தூக்கம் வந்தது.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு அவன் கட்டிலில் உட்கார்ந்து, அவள் வயிற்றைத் தொட்டபடி தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எழுந்துட்டியா? உன்கிட்ட சொல்லவே இல்லையே. ஒரு வாரமா நானும் இவனும் பேசிக்கிட்டு இருக்கோம்.”

“என்ன பேச்சு?”

“நம்ம பேச்சுதான். நீ தூங்கறப்ப நான் தட்டுவேன். ரெண்டு, அப்புறம் ஒண்ணு. முதல்ல சும்மா இருந்தான். இப்ப டாண்ணு ஒரே உதை, பதிலுக்கு. அப்பாவோட அறிவு அப்படியே வந்திருக்கு.”

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். இனிமே தட்டாதீங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நேரமாகிவிட்டது என்று அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவு சாத்திய சத்தம். படியிறங்கும் சத்தம். கேட் கிறீச்சிட்டது. பிறகு தெருவில் யாரும் இல்லை.

அவள் விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை. ஸ்விட்ச் பின்னறையில் இருந்தது. ஜன்னல் வழியாக வந்த தெருவிளக்கு வெளிச்சம் ஈரச் சிமென்ட்டின்மேல் விழுந்து, அறையின் குறுக்கே ஒரு சாம்பல் நிறக் கோடாகக் கிடந்தது. அதற்கப்பால் பின்னறை. இருட்டு. ஈரச் சிமென்ட் வாசனைக்கு நடுவே வேறொரு வாசனை மெல்ல வந்தது.

காயாத பெயின்ட்.

இந்த வீட்டில் இன்னும் பெயின்ட் வேலை தொடங்கவே இல்லை.

அணில் இல்லை. குழாய் இல்லை. மரம்கூட முனகவில்லை.

சுவர் நின்ற இடத்தில், வெறும் காற்றில், வயிற்று உயரத்தில் தட்டியது.

இரண்டு.

ஒன்று.

அவள் அசையவில்லை. மூச்சை அடக்கினாள். இரண்டு கைகளாலும் வயிற்றை இறுகப் பொத்தினாள். வேண்டாம்டா. கண்ணு, வேண்டாம். உதடு மட்டும் அசைந்தது.

மறுபடி. இரண்டு. ஒன்று.

பொறுமையாக.

அவள் உள்ளங்கைகளுக்கு அடியில், உள்ளேயிருந்து, அப்பா கற்றுக்கொடுத்தபடியே, தெளிவாக ஒரே ஒரு உதை.

இருட்டுக்குள் ஏதோ நின்று கேட்டதுபோல் இருந்தது. பிறகு, வெளிச்சம் விழுந்த ஈரச் சிமென்ட்டின் நடுவில், விரல்கள் ஐந்தும் அவளைப் பார்க்க, ஒரு சின்னக் கால் தடம் மெதுவாக அழுந்தியது.